தொகிதாவின் சொந்தக் கம்பம்

எங்கள் சந்தில் கரண்ட் கம்பம் நான்கு. மூன்று மின்சாரக் கம்பெனிக்குச் சொந்தம். நாலாவது தொகிதாவுக்குச் சொந்தம். கார் சொந்தமாக வைத்திருப்பவர் உண்டு, மீன்பிடி படகு வைத்திருப்பவரும் உண்டு. சொந்தமாகக் கம்பம் வைத்திருப்பவரை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. அதை நட்ட அன்று சந்து முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஜப்பானில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. ஆகவே அவரவர் வீட்டுக்குள் போய்த் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு, நிதானமாகச் சந்தேகப்பட்டோம்.

அந்தக் கம்பத்தால் பின்னாளில் தொகிதாவின் மனைவி இகுயோ அக்காவின் மூச்சே நின்றுபோகப் பார்த்தது. ஆனால் அன்றைக்கு எங்கள் சந்தேகம் வேறு பக்கம் போயிற்று. செல்போன் கோபுரம் என்றார் ஒருவர். தொகிதா புது மதத்தில் சேர்ந்துவிட்டார், அது கும்பிடும் கம்பம் என்றார் எதிர்வீட்டு நெகிஷி அம்மா. ஒருநாள் காவல் சாவடியிலிருந்து இளவயதுப் போலீஸ்காரர் என் மீன்கடைக்கு வந்து, கானாங்கெளுத்தியை விலை கேட்பதுபோல் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“இசோபே ஐயா, அந்த வீட்டுக்குள்ள விளக்குப் போட்டு கஞ்சாச் செடி ஏதாச்சும் வளக்கறாங்களா? வித்தியாசமா வாசனை எதுவும் வருதா?”

“இந்தச் சந்துல வாசனைன்னா அது என் கடை வாசனைதான் தம்பி. வேற எதுவும் அதைத் தாண்டி வர முடியாது.”

உண்மை எனக்குத் தெரிந்தது முடி வெட்டிக்கொள்ளப் போனபோதுதான். இகுயோ அக்கா அந்த வீட்டின் முன்பக்கத்தில் முடிதிருத்தகம் வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, வாசலில் சுற்றுகிற சிவப்பு நீல வெள்ளைக் குழல். கழுத்தில் கத்தி இருக்கும்போது எவனும் குறுக்கே பேச மாட்டான் என்பதால், அக்கா சொல்ல நினைப்பதை எல்லாம் முழுதாகச் சொல்வார்.

“தப்பு என்னோடதுதான் தம்பி. நான்தான் அவரை வெளிய தொரத்துனேன்.”

தொகிதா நகராட்சித் தண்ணீர் அலுவலகத்தில் இருந்தவர். குழாய்த் தண்ணீரில் மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனை எங்கள் ஊரில் ஈரச் சருகு என்பார்கள். எவ்வளவு பெருக்கினாலும் வாசலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அவர் கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்றுகொண்டு, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லி, அக்காவின் உயிரை வாங்கினார். ஓய்வு பெற்றபோது வாங்கிய நல்ல பாட்டுப் பெட்டி ஒன்று பின்னறையில் இருந்தது. இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டு சுழலும் மேடை. “பாட்டுக் கேக்கறவங்க எங்கயாச்சும் கூடுவாங்கல்ல, அங்க போயிட்டு சாயங்காலம் வாங்க” என்று அக்கா அனுப்பி வைத்தார். அவரும் போய்ச் சேர்ந்தார். சேர்ந்த இடம் சுருகா வட்டாரத் தூய மின்சாரம் கேட்போர் சங்கம்.

அந்தச் சங்கத்தில் பாட்டுக் கேட்பவர்கள் இல்லை. பாட்டு எவனுக்கும் கேட்கும் என்பது அவர்கள் கட்சி. ஸ்பீக்கரிலிருந்து வருவது வயலினும் இல்லை பியானோவும் இல்லை, அந்தந்த வடிவத்தில் வருகிற மின்சாரம்தான், ஆகவே கேட்க வேண்டியது மின்சாரத்தை. தலைவர் குஜோ ஐயா எண்பதைத் தாண்டியவர். ஃபூஜி ஆற்றுக்குக் கிழக்கே மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கிறது, மேற்கே அறுபது தடவை. இரண்டு கரையிலும் வாழ்ந்து கேட்டவர் அவர். மேற்குக்கரை மின்சாரம் அவசரக்குடுக்கை, கிழக்குக்கரை மின்சாரத்துக்கு நிதானம் உண்டு, ஆனால் கொஞ்சம் மனக்குறை என்று தீர்ப்புச் சொன்னவர். இரண்டு காதிலும் காது கேட்கும் கருவி வைத்திருந்தார். அதன் பேட்டரியை அவருடைய சொந்தக் கம்பத்திலிருந்து சார்ஜ் செய்துகொள்வதால் அதைப் பற்றி யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மாதக் கூட்டம் சந்தேக அறிக்கையோடு தொடங்கும். ஒவ்வொருவராக எழுந்து, குனிந்து வணங்கி, இந்த மாதம் தன் வீட்டில் எதைச் சந்தேகப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒருவர் ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டிருப்பார், ஒருவர் சோறு வேகவைக்கும் குக்கரை. ஒரு பல் டாக்டர் தன் மாமியாரின் மின்கம்பளியைச் சந்தேகப்பட்டு, கடைசியில் மாமியாரையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். அவருக்குக் கைதட்டு கிடைத்தது. தொகிதாவின் முறை வந்தபோது அவர் எழுந்து, “எனக்கு இன்னும் சந்தேகம் எதுவும் வரலீங்க, மன்னிக்கணும்” என்றார். அறையே அவரைச் சந்தேகமாகப் பார்த்தது.

அடுத்த நாளே சங்கத்தின் பரிசோதகர் மகாபே வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், டாக்டர் வைத்திருப்பதுபோல் கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அவர் சொன்னபடி முதலில் பாட்டுப் பெட்டியின் கரண்ட் கேபிளை மாற்றினார்கள். புதுசு விலாங்குமீன் பருமன். அதில் கரண்ட் பழகிப் படிய ஒரு மாதம் ஆகும், தொடக்கூடாது என்று உத்தரவு. அக்கா அதில் கடைத் துண்டுகளை உலர்த்தினார். பிறகு சுவரில் இருந்த பிளக் பாயிண்ட் போயிற்று. அதன் இடத்தில் வந்தது கடுங்குளிரில் உறைய வைத்து எடுத்த பிளக் பாயிண்ட். நான் முப்பது வருஷமாக மீன் விற்கிறேன். மீனை உறைய வைத்தால் விலை இறங்கும். பிளக் பாயிண்டை உறைய வைத்தால் ஏறுகிறது. இது தெரியாமல் நான் தொழிலைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஃப்யூஸ். அதன் மேல் ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. தொகிதா பயந்துகொண்டே கேட்டாராம்.

“ஐயா, கரண்ட்டு நொடிக்கு அம்பது தடவை போயிப் போயி வரும்னு சொல்றாங்களே. அம்பை எந்தப் பக்கம் பாத்து வைக்கறது?”

“போற பக்கம்” என்றார் மகாபே.

“அப்ப திரும்பி வர்றது?”

“திரும்பி வர்றதைத்தான் நாம சந்தேகப்படணும்.”

இதைச் சொல்லும்போது அக்கா சிரித்ததில் கத்திரி ஆடி, என் காதோரம் ஒரு பக்கம் கூடுதலாக வெட்டுப்பட்டது. அப்போது சிரிக்க மூச்சு இருந்தது அவருக்கு.

கம்பம் கடைசியில் வந்தது. தெருக் கம்பியில் வருவது பத்து வீடு எச்சில் பட்ட கரண்ட் என்றார் குஜோ ஐயா. கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தது. கடை இணைப்பைப் பிடுங்கிக் கம்பத்துக்குக் கொடுத்தார்கள். கம்பத்தின் தலையில் தொகிதாவுக்கென்றே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். கொல்லையில் ஆளுயரத்துக்கு மேல் தோண்டி எர்த் கம்பி இறக்கினார்கள். அக்காவின் முடிதிருத்தகம் வீட்டு லைனில் தொற்றிக்கொண்டது. ஹேர் டிரையரைப் போட்டால் சமையலறை இருண்டது. “மெயின் சுவிட்ச் விழுந்து பாதி சவரத்தோட ஒருத்தர் இருட்டுல உக்காந்திருந்தாரு தம்பி. பாவம், எழுந்து ஓடவும் பயம்” என்றார் அக்கா.

கம்பத்தின் கரண்டில் முதல் தடவை பாட்டுப் போட்டபோது தொகிதாவுக்கு அழுகையே வந்துவிட்டதாம். அழுகைக்குக் காரணம் பாட்டா செலவா என்று அக்காவுக்கும் சந்தேகம். மகாபே மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எடது பக்கம், கீழ்ச் சுருதியில, மேகம் மாதிரி ஒண்ணு கேக்குது.”

“எனக்குக் கேக்கலீங்களே.”

“அதுதான் கவலையா இருக்கு.”

மேகத்தைத் தேடி மகாபே சந்து முழுக்க அலைந்தார். வாசலில் சுற்றிய சிவப்பு நீலக் குழலை நிறுத்தச் சொன்னார். கடை மூடிவிட்டது என்று நினைத்து வாடிக்கையாளர் பாதிப் பேர் வராமல் போனார்கள். பிறகு என் கடைக்கு வந்து, ஃப்ரீசர் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“உங்க ஃப்ரீசர்ல ஒரு ஏக்கம் தெரியுதுங்க.”

“உள்ள கணவாய் இருக்குதுங்க. அதுக்கு இருக்கலாம்.”

அவர் சிரிக்கவில்லை. சங்கத்தில் சிரிப்பு துணைவிதியில் இல்லை. “உங்க மேல எங்களுக்குக் கோவம் இல்ல. சந்தேகம் மட்டும்தான்” என்று சொல்லி, வழக்கப்படி ஒரு பெட்டி அரிசி முறுக்கைக் கொடுத்து வணங்கிவிட்டுப் போனார். முறுக்கு நமுத்திருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் இகுயோ அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரல் சுருங்குகிற நோய் என்றார்கள். முடிதிருத்தகத்தில் முதலில் ஒரு நாற்காலிக்குத் துணி போட்டு மூடினார், அப்புறம் இன்னொன்றுக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மெஷின் அனுப்பினார்கள். சின்னப் பயணப்பெட்டி அளவு. கரண்டில் ஓடும், அறையின் காற்றை இழுத்து, ஆக்ஸிஜனை மட்டும் பிரித்து, நீளமான குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். உறுமும், நிற்கும், பெருமூச்சு விடும், மறுபடி உறுமும். தொகிதா தினமும் அந்தக் குழாயை ஈரத்துணியால் துடைத்துச் சுத்தம் செய்வார். குழாய் மடங்காமல் இருக்க வீட்டுச் சாமான்களை எல்லாம் சுவரோரம் தள்ளி வைத்தார். மனைவியை அவர் நேசிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அவருக்கு வராதது ஒன்றுதான், ‘முடியாது’ என்று சொல்வது. எங்கள் சந்தில் அது யாருக்கு வரும்?

சரியாக அப்போது சங்கம் அவர் வீட்டை முதல்தரப் பரிசோதனைக்குத் தேர்ந்தெடுத்தது. தேறினால் வாசலில் ஒரு மரப்பலகை மாட்டுவார்கள். வட்டாரத்தில் நாலைந்து வீட்டுக்குத்தான் அது கிடைத்திருந்தது. முன்பார்வைக்கு வந்த மகாபே, வீட்டுக்குள் நுழைந்ததும் மெஷின் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றார்.

“மேகம் இதுதான்” என்றார்.

“மெஷின் வந்து ஒன்றரை மாசம்தாங்க ஆச்சு. நீங்க மேகம்னு சொன்னது மழைக்காலத்துல” என்றார் அக்கா, குழாயைச் சரிசெய்துகொண்டே.

“அம்மா, வரப்போறதையும் காது முன்னாலயே கேட்டுரும். பழகின காது அது.” பிறகு தொகிதாவின் பக்கம் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்து, பணிவாகப் பேசினார். “தப்பா நெனைக்கக் கூடாது. மூச்சு விடாதீங்கன்னு சங்கம் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்படிச் சொல்ல எங்க துணைவிதியில எடமும் இல்ல. போன வருஷம் எங்க பொருளாளர் செத்துப்போனாரு. அப்பகூட அவரை மூச்சு விடச்சொல்லித்தான் நாங்க கேட்டுக்கிட்டோம். எங்க கேள்வி ஒண்ணே ஒண்ணு. மூச்சு எந்த லைன்ல வருது? தெரு லைன்ல வருது. தெரு லைன் மண்ணுக்குள்ள எறங்குது. மண்ணு உங்க எர்த்தைத் தொடுது. ஆக, அம்மா இழுக்கற ஒவ்வொரு மூச்சும் உங்க ஸ்பீக்கருக்கு வந்துட்டுதான் போகுது. ஒரே ஒரு மத்தியானம் போதும். சின்ன சிலிண்டர் இருக்குமில்ல?”

சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தது. வெளியே போகும்போது சக்கர வண்டியில் இழுத்துப் போவதற்கு.

அக்கா மட்டும் போதாது, மண்ணைத் தொடுகிற எல்லா வீடும் நிற்க வேண்டும் என்றார் மகாபே. மண்ணைத் தொடாத வீடு எங்கள் சந்தில் இல்லை. ஆகவே சந்துக் கூட்டம். அந்த வருஷம் சந்துத் தலைவர் பொறுப்பு முறைவைத்து என்னிடம் வந்திருந்தது. மூடிக்கிடந்த முடிதிருத்தகத்திலேயே கூடினோம். பரிசோதனை நாளில், மதியம் முழுக்க, எல்லா வீட்டிலும் மெயின் சுவிட்சை இறக்கி வைக்க வேண்டும் என்று மகாபே வேண்டுகோள் வைத்தார். தொகிதா தரையோடு தலை படிய வணங்கிக்கொண்டே இருந்தார்.

நெகிஷி அம்மா மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் வாயில்லாத ஆள் இல்லை. அவர் என்னவோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் ஓடிற்று. கடைசியில் எல்லாருடைய கண்ணும் மூக்கில் குழாயோடு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த இகுயோ அக்காவிடம் போய் நின்றது.

“எல்லாருக்கும் சரின்னா, எனக்கும் சரிதான்” என்றார் அக்கா.

“அக்காவே சரின்னுட்டாங்க” என்றேன் நான்.

“அப்ப நமக்கென்ன” என்றார் நெகிஷி அம்மா. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பரிசோதனை நாள் பிப்ரவரியில் வந்தது. மீனை எல்லாம் பனிக்கட்டியில் புதைத்துவிட்டு ஃப்ரீசரை அணைத்தேன். ஒவ்வொரு வீடாக மெயின் சுவிட்ச் விழுந்தது. தொகிதா வீட்டு மெயின் பாக்ஸுக்கு மட்டும் சங்கத்தின் பூட்டு போட்டு, சாவியை மகாபே வைத்துக்கொண்டார். அந்தக் கம்பத்து லைன் ஒன்றைத் தவிர சந்தில் எங்கும் கரண்ட் இல்லை. வீட்டுக்குள் குளிர் தாங்கவில்லை. சந்தே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, என் கடை வாசலில் பற்றவைத்த எண்ணெய் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தது. நடுவில் அக்கா, பக்கத்தில் சிலிண்டர். சிலிண்டரின் தலையில் ஒரு சின்னப் பெட்டி, அவர் மூச்சை இழுக்கும்போது மட்டும் அது புஸ் என்று கொஞ்சம் ஆக்ஸிஜன் விடும். அப்படித்தான் சிலிண்டர் நெடுநேரம் தாங்கும்.

குஜோ ஐயாவும் மகாபேயும் உசாமி என்ற இன்னொரு நடுவரும் தொகிதாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். உசாமி வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டார், கையைப் பிடித்துத்தான் அழைத்துப் போனார்கள். கண்ணை மூடிக் கேட்பதில் அவர் வட்டாரத்திலேயே பெரிய ஆள் என்று சொன்னார்கள். பின்னறைச் சன்னலை மூடினார்கள். நாங்கள் காத்திருந்தோம். பாட்டுச் சத்தம் எதுவும் வரவில்லை.

நெடுநேரம் கழித்து மகாபே காலுறையோடு சந்துக்கு வந்தார்.

“எங்கயோ ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் சட்டென்று அந்நியராகிவிட்டோம். கோடி வீட்டுக் கிழவர் மெல்லச் சொன்னார், “நெகிஷி அம்மா வீட்டுல அந்தக் கரண்ட்டு கக்கூஸ் சீட்டு சூடா இருந்துச்சு. இப்பதான் ஒரு அவசரத்துக்குப் போயிட்டு வந்தேன்.”

“சூடா இல்லாம? உங்களுக்கு முன்னாடி நான்தானே உக்காந்திருந்தேன்!”

மகாபே போய்க் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். சூடு இயற்கையானது என்று ஒப்புக்கொண்டார். பிறகு அவர் கண் சிலிண்டரில் விழுந்தது.

“இதுல கரண்ட் இல்லீங்க” என்றேன்.

“இந்தச் சின்னப் பெட்டிக்குள்ள பேட்டரி இருக்கே. மூச்சு பாத்துத் தெறக்கறது அதுதானே? அம்மா கொஞ்சம் தள்ளி உக்காந்தாங்கன்னா நல்லது.”

கொஞ்சம் தள்ளினோம். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, இன்னும் கொஞ்சம் என்றார். நானும் நெகிஷி அம்மாவின் மகனும் அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சந்தின் முனைக்குப் போனோம். ஒருவர் அடுப்பைத் தூக்கி வந்தார், ஒருவர் சிலிண்டரை, ஒருவர் கம்பளியை. திருவிழாவில் சாமி பல்லக்குத் தூக்குவதுபோல் சந்து முழுக்கப் பின்னால் வந்தது. மூன்றாம் தடவை மகாபே வந்தபோது ஆற்றங்கரை மேட்டுக்கே போய்விட்டோம். அங்கே காற்று ஊசி மாதிரி அடித்தது. அடுப்பு இரண்டு தடவை அணைந்தது. இது என்ன கூத்து என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லாரும் பாதை வழுக்குகிறது, பார்த்து, பார்த்து என்று மட்டும் சொல்லிக்கொண்டோம்.

குளிரில் அக்கா அடிக்கடி மூச்சு இழுத்தார். இழுக்க இழுக்க சிலிண்டர் தீர்ந்துகொண்டு வந்தது. முள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டதை நான்தான் முதலில் பார்த்தேன். அவர் உதடு கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

“தம்பி, அவங்க கொஞ்சம் சீக்கிரம் முடிப்பாங்களா?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

தொகிதா வீட்டுக்கு ஓடினேன். சந்து முனையில் மகாபே இரண்டு கையையும் விரித்து, “இப்ப உள்ள போகக் கூடாது, முக்கியமான கட்டம்” என்றார். மீன் பெட்டி தூக்குகிற தோள் எனக்கு. அவரை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு ஓடினேன்.

பின்னறைக் கதவைத் திறந்தேன். ஆம்ப்ளிஃபையரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தட்டு சுழலவில்லை. குஜோ ஐயாவும் உசாமியும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் தொகிதா மண்டியிட்டு, அவரும் கண்ணை மூடிக்கொண்டு. மதியம் முழுக்க அவர்கள் பாட்டே போடவில்லை. பாட்டு வருவதற்கு முந்தின மவுனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் தேறவில்லையாம்.

“அண்ணே, அக்காவுக்கு சிலிண்டர் தீருது.”

குஜோ ஐயா கண்ணைத் திறந்தார். “யாரப்பா அது? மவுனம் போச்சே. முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமே.”

தொகிதா என்னைப் பார்த்தார், பிறகு குஜோ ஐயாவைப் பார்த்தார். யார் முகத்திலாவது அனுமதி எழுதியிருக்கிறதா என்று வாழ்நாள் முழுக்கத் தேடிப் பழகின கண் அது. பாதி எழுந்தார்.

“உக்காருங்க தொகிதா” என்றார் குஜோ ஐயா. குரலில் கோபமே இல்லை. “உங்க மனைவி உடம்புல சங்கத்துக்கு ரொம்ப அக்கறை உண்டு. அந்த அக்கறையோடதான் உக்காரச் சொல்றேன். நடுவுல எழுந்தவங்களுக்கு அடுத்த வாய்ப்பு கெடையாது. நானே என் மகள் கல்யாணத்தன்னைக்கு எழுந்திருக்கல. அவ இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல. ஆனா அந்த மவுனம் எவ்வளவு சுத்தமா இருக்குன்னு நெனைக்கறீங்க!”

தொகிதா முழுதாக எழுந்தார். சுவருக்குப் போய், ஒரு மாதம் படிய வைத்த அந்த விலாங்கு கேபிளை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினார். ஆம்ப்ளிஃபையர் விளக்கு அணைந்தது. பக்கத்து அறைக்குப் போய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் சாதா ஒயரை, மஞ்சள் பூத்துப்போன சாதா பிளக்கை, உறைய வைத்த பிளக் பாயிண்டில் செருகினார். முதல் தடவை உள்ளே போகவில்லை, திருப்பிப் பிடித்துச் செருகினார்.

அதற்குள் அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் ஓடினதுமே நெகிஷி அம்மா நாற்காலியைத் திருப்பச் சொல்லியிருக்கிறார். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏழெட்டுப் பேர் அந்த வீட்டுக்குள் நுழைந்தோம். பாய் எல்லாம் ஆற்றுமண். பாட்டுக் கேட்பதற்கென்று அளந்து போட்ட இருக்கையில் அக்காவை உட்கார வைத்தார்கள். தொகிதா குழாயை அவர் காதில் மாட்டி, மூக்கில் பொருத்தினார். மெஷின் உறுமிற்று, நின்றது, பெருமூச்சு விட்டது. எல்லாரும் அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். மெல்ல மெல்ல நிறம் திரும்பியது.

இத்தனை நேரமும் உசாமி கண்ணைத் திறக்கவில்லை. பாட்டு தொடங்கிவிட்டது என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். நடுவருக்குரிய கனத்த குரலில் பேசினார்.

“மேகமே இல்ல. கீழ்ச் சுருதியில இப்படி ஒரு உயிரை நான் கேட்டதே இல்ல. யாரோ பக்கத்துல உக்காந்து மூச்சு விடற மாதிரியே இருக்கு. முதல் தரம்.”

பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த மகாபே, குஜோ ஐயாவின் காதுக்கருவியில் கிசுகிசுத்தார். நடுவர் வாயிலிருந்து வந்த முதல் தீர்ப்பே இறுதி, மாற்றக் கூடாது என்பது துணைவிதி. எழுதினவர் குஜோ ஐயா. அவர் சிறிது நேரம் மெஷினைப் பார்த்தார், பிறகு முகத்தைச் சீராக்கிக்கொண்டு எழுந்து வணங்கினார்.

“வாழ்த்துகள். இந்த நிலைமையில எதையும் மாத்தாம அப்படியே காப்பாத்தணும்.”

“மாத்த மாட்டேங்கய்யா” என்றார் தொகிதா.

பலகையை அவர்களே வாசலில் மாட்டிவிட்டு, ஆளுக்கொரு தடவை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். உசாமி வாசலுக்கு வந்துதான் கண்ணைத் திறந்தார். மெயின் பாக்ஸ் சாவியைக் கொடுக்க மறந்துவிட்டார்கள், அதை வாங்க நான் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது எல்லாரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் போக மனம் வரவில்லை. அக்கா தன்னைச் சுற்றி எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அன்னைக்குக் கூட்டத்துல ஒருத்தராச்சும் வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாதா?”

“இசோபே சொல்வாருன்னு இருந்தேன். ஃப்ரீசர் அவரோடதுதானே” என்றார் நெகிஷி அம்மா.

“நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன் அக்கா” என்றேன் நான்.

“நான் இவரு சொல்வாருன்னு நெனச்சேன்” என்றார் அக்கா, தொகிதாவைக் காட்டி.

தொகிதா குழாயில் இல்லாத மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். “நீ சொல்வேன்னு காத்துக்கிட்டே இருந்தேன் இகுயோ” என்றார். “கேபிள் வாங்கின நாள்லேருந்து.”

மெஷின் உறுமிற்று, நின்றது. தொகிதா அந்த மவுனத்தைத் தாங்க முடியாமல் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு இசைத்தட்டை எடுத்து உறையிலிருந்து பாதி உருவினார்.

“இவ்வளவு தூரம் ஆயிடுச்சு. ஒரே ஒரு பாட்டு போடட்டுமா? வீட்டுக் கரண்ட்லயே போடறேன்.”

“வேணாம்” என்றார் இகுயோ அக்கா.

தொகிதா திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு தலையாட்டிவிட்டு, தட்டை உறைக்குள் தள்ளி வைத்து, அக்காவின் காலடியில் மண் படிந்த பாயில் உட்கார்ந்துகொண்டார்.